சொன்ன சொல் தவறாத சுவார்ட்ஸ் ஐயர்

தஞ்சாவூர்க் கோட்டைக்குள் அரிசி இல்லை.

ஐதர் அலிக்கும் கும்பெனியாருக்கும் யுத்தம் நடந்த காலம் அது. 1780-ம் ஆண்டு தொடங்கிய யுத்தம், அடுத்த இரண்டு வருஷங்களில் தஞ்சைச் சீமையைப் பாழாக்கிவிட்டது. மைசூர்க் குதிரைப்படை எந்த நேரம் எந்த ஊரில் புகும் என்று சொல்ல முடியாது. கிராமத்து ஜனங்கள் ஊரை விட்டு ஓடினார்கள். ஓடியவர்களில் பலர் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். உள்ளே சாப்பாடு ஏது?

சிப்பாய்கள் பசியால் நிற்க முடியாமல் விழுந்தார்கள். பொழுது விடிந்தால் தெருவில் பிணங்கள் கிடந்தன.

வெளியே நெல் இல்லாமல் இல்லை. கிராமங்களில் குதிர்களில் நெல் இருந்தது. அதைச் சுமந்து வர மாடுகள் வேண்டும். மாட்டுக்காரர்கள் வர மறுத்துவிட்டார்கள். முன்பு கூலிக்கு வந்தவர்களுக்குக் கூலி ஒழுங்காகக் கிடைக்கவில்லை. அடியும் வசவும்தான் மிஞ்சின. இனி யார் வருவார்கள்?

ராஜா உத்தரவு போட்டார். பலன் இல்லை. கும்பெனி அதிகாரிகள் ஆள் அனுப்பினார்கள். அதற்கும் பலன் இல்லை. அப்போது ராஜாவே ஓர் உண்மையை ஒத்துக்கொண்டார். தம்முடைய சொல்லையும் அதிகாரிகளின் சொல்லையும் ஜனங்கள் இனி நம்பப் போவதில்லை. பாதிரியாரின் சொல்லை நம்புகிறார்களா என்று பார்க்கலாம் என்பதே அது. ஜனங்களோடு எப்படி வேண்டுமானாலும் ஒப்பந்தம் செய்துகொள்ளும்படி வெற்றுக் காகிதத்தைப் பாதிரியாரிடம் அனுப்பிவைத்தார்கள்.

பாதிரியார் சுற்றுப்புற ஊர்களுக்கெல்லாம் கடிதம் எழுதினார். கூலியைத் தம் கையாலேயே கொடுப்பதாக எழுதினார். எதிரிகள் மாட்டைப் பிடித்துக்கொண்டு போனால் மாட்டுக்கும் தாமே விலை தருவதாக எழுதினார். அவ்வளவுதான். ஒன்றிரண்டு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து நின்றன!

அவருடைய உபதேசியார் ஒருவரும் வேறு சில கிறிஸ்தவர்களும் உயிரைப் பணயம் வைத்துக் கிராமங்களுக்குப் போனார்கள். கொஞ்ச நாளில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. கோட்டை பிழைத்தது.

வேலை முடிந்ததும் பாதிரியார் ஒவ்வொருவருக்கும் கூலியைக் கொடுத்தார். கையில் இருந்தது போதவில்லை. பிறர் தம்மிடம் கொடுத்து வைத்திருந்த பணத்தையும் சேர்த்து எண்ணிக் கொடுத்தார். மேற்கொண்டு சிறு வெகுமதியும் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

அந்தப் பாதிரியார் பெயர் கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ். தஞ்சாவூர் ஜனங்களுக்கு அவர் சுவார்ட்ஸ் ஐயர்.

ராஜாவை நம்பாதவன், படைத் தலைவனை நம்பாதவன், எங்கோ பிறந்து வந்த இந்த மனிதரை நம்பினான். அது எப்படி?

ரொட்டி வாங்கப் போன ஊர் அல்ல

சுவார்ட்ஸ் 1726-ம் ஆண்டு அக்டோபர் மாதம் பிறந்தார். ஊர் சோனன்பர்க். அப்போது அது பிரஷ்ய ராஜ்யத்தில் இருந்தது. இன்று போலந்து நாட்டில் இருக்கிறது.

பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்துவிட்டார். இறக்கும்போது கணவரையும் சபைப் போதகரையும் அழைத்து, இந்தப் பிள்ளையைத் தெய்வத்துக்கு ஒப்புக்கொடுத்துவிட்டதாகவும், வளர்ந்த பின் அவன் மனம் அந்தப் பக்கம் திரும்பினால் தடுக்கக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். தகப்பனாரும் அந்த வாக்கை மறக்கவில்லை.

ஹாலே என்ற நகரத்தில் சுவார்ட்ஸ் பெரிய படிப்புப் படித்தார். அந்த ஊருக்கும் தமிழுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்து தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு ஐயர் ஹாலேயில் படித்தவர்தான். சென்னையில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஷூல்ட்சே ஐயரும் அப்போது ஹாலேயில் இருந்தார். தமிழ் வேதாகமத்தை அங்கே அச்சடிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. அச்சுப்பிழை திருத்த ஆள் வேண்டுமே! மாணவர் சுவார்ட்ஸைத் தமிழ் படிக்கச் சொன்னார்கள். அந்தப் புத்தகம் அங்கே அச்சாகவில்லை. ஆனால் படித்த தமிழ் வீணாகவில்லை. தமிழ்நாட்டுக்கே போய் வேலை செய்ய மனம் உண்டா என்று கேட்டபோது அவர் சம்மதித்தார்.

ஊரில் நல்ல சம்பளத்தில் போதகர் வேலை ஒன்று காத்திருந்தது. அதை வேண்டாம் என்றார். தமக்கு வர வேண்டிய சொத்தையும் உடன்பிறந்தவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். 1750-ம் ஆண்டு ஜூலை மாதம் கடலூரில் கப்பலை விட்டு இறங்கினார். அப்போது வயது 23. அதன்பின் ஏறக்குறைய 48 வருஷம் இங்கேயே வாழ்ந்தார். ஒரு தடவைகூட ஊருக்குத் திரும்பவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

தரங்கம்பாடி அப்போது டென்மார்க்குக்காரர்களின் ஊர். அங்கே வந்து சேர்ந்த நான்கே மாதத்தில், சீகன்பால்கு கட்டிய கோயிலில் நின்று தமிழில் பிரசங்கம் செய்தார். தமிழ் எவ்வளவு சரியாக இருந்ததோ! ஆனால் கேட்டவர்கள் சிரித்ததாகத் தெரியவில்லை.

தமிழ் தெரிந்தால் போதும் என்று அவர் நினைக்கவில்லை. ஜனங்கள் எதை நம்புகிறார்கள், எந்தக் கதையைக் கேட்டு வளர்கிறார்கள் என்று தெரியாமல் அவர்களோடு என்ன பேசுவது? சுமார் ஐந்து வருஷம் உட்கார்ந்து தமிழ்ப் புராணங்களையும் சமய நூல்களையும் படித்தார். பாரசீகம், இந்துஸ்தானி, மராத்தி, போர்த்துக்கீசியம் என்று ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டார். அரண்மனைக்குப் போனால் மராத்தி. நவாபின் ஆட்களோடு பாரசீகம். குடியானவனோடு தமிழ். யாரிடம் பேசினாலும் அவனுடைய பாஷையிலேயே பேசினார்.

தலை இடிக்கும் அறை

1762-ம் ஆண்டு அவர் தஞ்சாவூர் வழியாகத் திருச்சிக்குக் கால்நடையாகவே போனார். பிறகு திருச்சியிலேயே தங்கிவிட்டார். கோட்டையில் வெடிமருந்துக் கிடங்கு ஒன்று வெடித்துப் பலர் செத்தார்கள். அநாதைகளான குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வைத்தார்.

திருச்சியில் அவர் இருந்த இடத்தைப் பார்த்த ஆங்கிலேயர் ஒருவர் அதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். பழைய கட்டிடம் ஒன்றில் ஓர் அறை. அவரும் அவர் படுக்கையும் கொள்ளும். அவ்வளவே. நெட்டையான ஆள் உள்ளே நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். சாப்பாடு, சோறும் காய்கறியும். அதுவும் நம் ஊர்ச் சமையல். உடுப்பு, கறுப்புச் சாயம் தோய்த்த பருத்தித் துணி. வருஷத்துக்கு 48 பவுன் வருமானம். அதிலே தம் செலவும் நடந்தது. உதவி கேட்டு வந்தவர் செலவும் நடந்தது.

பிற்பாடு கும்பெனிப் பட்டாளத்துக்கும் அவரே போதகரானார். வருஷத்துக்கு 100 பவுன் சம்பளம் வந்தது. அதில் பாதியைச் சபைக்குக் கொடுத்துவிட்டார். பட்டாளத்துக்காரர்களிடம் பணம் திரட்டி, 1766-ல் திருச்சிக் கோட்டையில் ஒரு கோயிலும் கட்டி முடித்தார்.

அந்தக் காலத்து வெள்ளைக்காரர்கள் இங்கே எதற்கு வந்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பணம் சேர்க்க வந்தார்கள். சேர்த்துக்கொண்டு ஊர் போனார்கள். அவர்களுக்கு நடுவில் இப்படி ஒருவர். ஜனங்கள் கவனிக்காமல் இருப்பார்களா?

வெள்ளைக்காரர்களின் நடத்தைதான் தம் வேலைக்குப் பெரிய இடைஞ்சல் என்பதைச் சுவார்ட்ஸ் நன்றாக உணர்ந்திருந்தார். ஒரு நாள் நாட்டியக்காரி ஒருத்தியையும் அவளுடைய நட்டுவனாரையும் வழியில் பார்த்தார். தூய்மையற்ற நடத்தை உள்ளவர்கள் மோட்சத்துக்குப் போக முடியாது என்று அவர்களுக்கு எடுத்துச் சொன்னார். அந்தப் பெண் அசரவில்லை. அப்படியானால் வெள்ளைக்காரர்களில் அநேகமாக ஒருவருமே அங்கே போக முடியாதே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்! இதைச் சுவார்ட்ஸ் மறைக்கவில்லை. தாமே மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்.

ஊஞ்சலில் இருந்த ராஜா

1769-ம் ஆண்டு தஞ்சை மராத்திய மன்னர் துளஜா அவரைப் பார்க்க விரும்பினார். ராஜா தூண்களிலிருந்து தொங்கவிட்ட ஊஞ்சல் கட்டிலில் இருந்தார். பாதிரியாருக்கு எதிரே ஆசனம். பேச்சு, துபாஷியை நடுவில் வைத்துப் பாரசீகத்தில் தொடங்கியது. துபாஷி முழுவதையும் சொல்லவில்லை என்று சுவார்ட்ஸுக்குத் தெரிந்துவிட்டது. அவர் தமிழிலேயே பேச அனுமதி கேட்டார். ராஜாவுக்குச் சந்தோஷம்.

பலகாரம் வந்தது. சாப்பிடுமுன் கடவுளுக்கு நன்றி சொல்வது கிறிஸ்தவர் வழக்கம் என்று சுவார்ட்ஸ் சொன்னார். அதையும் செய்து காட்டும்படி ராஜா கேட்டார். ராஜ சபையிலேயே ஜெபம் நடந்தது.

அன்று ஏற்பட்ட பழக்கம் ராஜா சாகும்வரை நீடித்தது. துளஜா கிறிஸ்தவர் ஆகவில்லை. ஆனால் இவரைத் தம்முடைய பாதிரியார் என்றே கருதினார். 1778-ல் சுவார்ட்ஸ் தஞ்சாவூருக்கே குடிவந்துவிட்டார்.

தஞ்சாவூரில் அவருடைய ஒரு நாள் எப்படிப் போகும்? கோல்ஹாப் என்ற இளைஞர் அதை நினைவில் வைத்திருந்து சொல்லியிருக்கிறார். தரங்கம்பாடிப் பாதிரியார் ஒருவருடைய மகன் அவர். சிறு பிள்ளையிலிருந்து சுவார்ட்ஸ்தான் அவரை வளர்த்தார்.

காலையில் ஒரு பாத்திரத்தில் தேநீர். அதில் ரொட்டியைப் பிய்த்துப் போடுவார். பாதி தமக்கு, பாதி கோல்ஹாபுக்கு. பிறகு உபதேசிமார்களை இரண்டிரண்டு பேராகப் பக்கத்து ஊர்களுக்கு அனுப்புவார். பொழுது சாய அவர்கள் திரும்பி வந்ததும் யாரைப் பார்த்தார்கள், என்ன பேசினார்கள் என்று விசாரிப்பார். சாயங்காலம் வாசலுக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வார். யார் வேண்டுமானாலும் வரலாம். பிராமணர் வருவார்கள், வியாபாரிகள் வருவார்கள், வழக்கு உள்ளவர்கள் வருவார்கள். சிலர் மதத்தைப் பற்றிப் பேச வருவார்கள். சிலர் சும்மா பேசிக்கொண்டிருக்க வருவார்கள். ஒருவரையும் திருப்பி அனுப்புவது இல்லை. யாராவது நல்ல ஒயின் அனுப்பினால் அது நோயாளிகளுக்குப் போகும்.

கிறிஸ்தவ மார்க்கத்தை அவர் பரப்பிய முறை பெரும்பாலும் இதுதான். கூட்டம் கூட்டிக் கத்தியதைவிட, உட்கார வைத்துப் பேசியதே அதிகம்.

ஐதர் அலியின் மண்டபத்தில்

1779-ம் ஆண்டு சென்னைக் கவர்னர் ரம்போல்டிடமிருந்து சுவார்ட்ஸுக்கு அழைப்பு வந்தது. ஐதர் அலியிடம் தூது போக வேண்டும் என்றார் கவர்னர். கும்பெனி சமாதானத்தையே விரும்புவதாக ஐதரிடம் சொல்ல வேண்டும்; அவருடைய எண்ணம் என்ன என்பதையும் அறிந்து வரவேண்டும்.

பாதிரியாருக்கு ராஜாங்க விஷயத்தில் என்ன வேலை என்று அவருக்கும் முதலில் தயக்கம் இருந்தது. ரத்தம் சிந்தாமல் தடுக்க முடியுமானால் போவது கடமை என்று கடைசியில் புறப்பட்டார். போகிற வழியெல்லாம், ஸ்ரீரங்கபட்டணத்திலும்கூட, கண்டவர்களோடு தம் மார்க்கத்தைப் பேசிக்கொண்டே போனார்.

பளிங்குத் தரையுள்ள மண்டபத்தில் ஐதர் அவரைத் தம் அருகிலேயே உட்கார வைத்தார். துபாஷி இல்லை. இருவரும் நேராகப் பேசினார்கள். கும்பெனியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்பது ஐதரின் குறை. அதை அவர் ஒளிக்காமல் சொன்னார். அந்தக் குறையில் நியாயம் இல்லை என்று இன்று சரித்திரம் படிக்கிற யாரும் சொல்ல முடியாது.

விடைபெறும்போது வழிச்செலவுக்கு என்று ஐதர் 300 ரூபாய் கொடுத்தார். மறுத்தால் மரியாதைக் குறைவு. வாங்கி வந்து கும்பெனியிடம் ஒப்படைத்தார் சுவார்ட்ஸ். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று கும்பெனியார் சொல்லிவிட்டார்கள். அந்தப் பணத்தை முதலாக வைத்துத் தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு ஏற்பாடு செய்தார்.

தூது பலிக்கவில்லை. மறு வருஷமே யுத்தம் வந்தது. ஒரு நல்ல மனிதரின் முகத்தை முன்னால் நிறுத்திக் கும்பெனியார் காலம் கடத்தினார்கள் என்று நினைக்க இடம் இருக்கிறது. ஆனால் ஐதர் அந்தக் கோபத்தைப் பாதிரியார் மேல் காட்டவில்லை. யுத்தம் நடக்கும்போதே, இந்தக் கிழவரை யாரும் தொடக் கூடாது, போகிற இடத்துக்குப் போக விட வேண்டும் என்று தம் படைத்தலைவர்களுக்கு உத்தரவு போட்டார். இரண்டு படைகளுக்கும் நடுவே சுவார்ட்ஸ் போய் வந்துகொண்டிருந்தார்.

யுத்தம் வரும் என்று தெரிந்ததும் அரிசி மலிவாக இருந்தபோதே வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார். பஞ்சத்தில் அநேக ஏழைகளுக்கு அது சோறு ஆயிற்று. மேலே சொன்ன நெல் விஷயம் அந்தப் பஞ்சத்தில் நடந்ததுதான்.

ஓடிப்போன குடிகள்

யுத்தம் ஓய்ந்தும் தஞ்சைக் குடிகளுக்கு விடியவில்லை. அரண்மனை அதிகாரிகளின் கொடுமை தாங்க முடியவில்லை. விளைந்ததைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஏறக்குறைய 65,000 பேர் சீமையை விட்டே வெளியேறிவிட்டார்கள். காவிரி பாயும் நிலம் தரிசாகக் கிடந்தது.

சென்னை அரசாங்கம் நிலைமையைச் சீர்ப்படுத்த ஒரு குழு வைத்தது. அதில் சுவார்ட்ஸையும் சேர்த்தது. திரும்பி வரும்படி ராஜா குடிகளைக் கேட்டார். ஒருவரும் வரவில்லை. இனி அநியாயம் நடக்காது என்று சுவார்ட்ஸ் வாக்குக் கொடுத்தார். ஒரே நாளில் 7,000 பேர் வந்தார்கள். மற்றவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

விதைக்கும் காலம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஆனி மாதத்தில் தொடங்க வேண்டிய வேலையைப் புரட்டாசி நெருங்கும்போது தொடங்க வேண்டியதாயிற்று. தங்களுக்கு அவர் செய்த நன்மைக்காக இரவு பகல் பார்க்காமல் உழைப்பதாகக் குடியானவர்கள் சொன்னார்கள். சொன்னபடி செய்தார்கள்.

இவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். இந்துக்களாகவே இருந்தார்கள்.

பள்ளிக்கூட விஷயத்திலும் அப்படித்தான். தஞ்சாவூர், ராமநாதபுரம், சிவகங்கை ஆகிய ஊர்களில் ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள் ஏற்பட அவரும், தஞ்சையில் கும்பெனி ரெசிடெண்டாக இருந்த சல்லிவனும் காரணம். அங்கே பிராமணப் பிள்ளைகளும் மற்ற இந்துப் பிள்ளைகளும் படித்தார்கள். பிள்ளைகளைத் தந்திரமாக மதம் மாற்றக் கூடாது என்பதில் சுவார்ட்ஸ் கண்டிப்பாக இருந்தார்.

பாப்பாத்தியம்மாள்

சுவார்ட்ஸ் எல்லோருக்கும் கேட்டவுடன் ஞானஸ்நானம் கொடுத்துவிடவில்லை. பாளையங்கோட்டையில் இன்றும் பேர் சொல்லப்படும் குளோரிந்தாள் கதை அதற்குச் சாட்சி.

மராத்தியப் பிராமணக் குலத்தில் பிறந்த விதவை அவர். லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்து வந்தார். அந்த அதிகாரிதான் அவருக்கு ஆங்கிலமும் கிறிஸ்தவ மார்க்கமும் சொல்லிக் கொடுத்தவர். ஞானஸ்நானம் வேண்டும் என்று அவர் சுவார்ட்ஸைக் கேட்டார். கல்யாணம் இல்லாமல் வாழும் வாழ்க்கையைக் காரணம் காட்டிச் சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார்.

பிறகு அதிகாரி இறந்துபோனார். 1778-ல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது குளோரிந்தாள் மறுபடி கேட்டார். இந்தத் தடவை ஞானஸ்நானம் கிடைத்தது.

குளோரிந்தாள் சும்மா இருக்கவில்லை. தம்மைச் சுற்றி ஒரு சிறு சபையைச் சேர்த்தார். 1780-ல் அந்தச் சபையின் பதிவுப் புத்தகத்தில் 40 பேர் இருந்தார்கள். 1785-ல் கோயில் எழும்பியது; சுவார்ட்ஸ் வந்து பிரதிஷ்டை செய்தார். பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஜனங்கள் சொல்வது அதைத்தான். அவர் வெட்டிய கிணறும் பாப்பாத்தியம்மாள் கிணறுதான். திருநெல்வேலிச் சீமையில் பின்னால் பல்லாயிரக்கணக்கில் பெருகிய சபைகளுக்கு அந்த 40 பேர் கொண்ட சபைதான் தொடக்கம். அதைக் கவனிக்கத் தம்மிடம் பழகிய சத்தியநாதன் என்ற தமிழ் உபதேசியாரைச் சுவார்ட்ஸ் அனுப்பினார். 1790-ல் அவருக்குக் குருப்பட்டமும் கொடுத்தார்.

அதே பாளையங்கோட்டையிலிருந்துதான் 12 வயதுப் பையன் ஒருவனையும் தஞ்சாவூருக்கு அழைத்துவந்து படிக்க வைத்தார். அந்தப் பையன்தான் பின்னாளில் பெத்லகேம் குறவஞ்சி பாடிய வேதநாயக சாஸ்திரியார்.

ஒரு குறையையும் இங்கே சொல்ல வேண்டும். சுவார்ட்ஸின் கோயில்களில் சாதி ஒழியவில்லை. வேளாளர் ஒருபுறம், ஒடுக்கப்பட்ட மக்கள் மறுபுறம் என்று தனித்தனியே உட்கார்ந்தார்கள். மெல்ல மெல்ல மாறும் என்று அவர் நினைத்தார். மாறவில்லை. 1833-ல் பிஷப் வில்சன் கண்டிப்பான உத்தரவு போட்டபோது தஞ்சைச் சபைகளில் பெரிய கலகமே நடந்தது. எல்லோரையும் வாசலில் வரவேற்றவர், கோயிலுக்குள் அந்தக் கோட்டை அழிக்காமல் விட்டுவிட்டார்.

ராஜகுமாரன்

1787-ம் ஆண்டு துளஜா மரணப் படுக்கையில் இருந்தார். பெற்ற பிள்ளைகள் எல்லாம் இறந்துவிட்டார்கள். சரபோஜி என்ற பத்து வயதுப் பையனைச் சுவீகாரம் எடுத்திருந்தார். சுவார்ட்ஸை வரவழைத்து, இந்தப் பிள்ளை இனி உம்முடையது என்று அவர் கையில் ஒப்படைத்தார்.

சுவார்ட்ஸ் திகைத்துப்போனார். அரண்மனையில் எத்தனை கட்சிகள், எத்தனை சூழ்ச்சிகள்! ஒரு பாதிரியாரால் பிள்ளையை எப்படிக் காப்பாற்ற முடியும்? ராஜாவின் தம்பி அமர்சிங்கை ராஜப் பிரதிநிதியாக வைக்கலாம் என்று யோசனை சொன்னார்.

அந்த யோசனை விபரீதமாக முடிந்தது. துளஜா கண்ணை மூடியதும் அமர்சிங் தாமே ராஜாவாக விரும்பினார். சுவீகாரம் செல்லாது என்று பண்டிதர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். கும்பெனியாரும் அமர்சிங்கைச் சிம்மாசனத்தில் ஏற்றிவிட்டார்கள். சரபோஜியை அடைத்து வைத்தார்கள். படிப்புச் சொல்லிக் கொடுக்கக்கூட ஆள் இல்லை.

சுவார்ட்ஸுக்கு மனம் கேட்கவில்லை. துளஜாவுக்குக் கொடுத்த சொல் இருக்கிறதே! கவர்னருக்கு எழுதினார். மறுபடி எழுதினார். நேரில் போய்ப் பிள்ளையைப் பார்த்தார். கடைசியில் 1793-ல் சரபோஜியையும் துளஜாவின் ராணிகளையும் பத்திரமாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். சுவார்ட்ஸ் கூடவே வந்தார். சென்னையில் கெரிக்கே என்ற பாதிரியார் சரபோஜிக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தார். ஆங்கிலம் நன்றாக வந்தது. சுவீகாரம் செல்லும் என்பதற்கான ஆதாரங்களையும் சுவார்ட்ஸ் தேடித் தேடி அனுப்பிக்கொண்டே இருந்தார். பண்டிதர் தீர்ப்பில் பணம் விளையாடியிருந்தது தெரியவந்தது. லண்டனில் இருந்த கும்பெனி டைரக்டர்கள் கடைசியில் சரபோஜி பக்கம் திரும்பினார்கள்.

அந்தச் சரபோஜி சிம்மாசனம் ஏறியது 1798-ம் ஆண்டு ஜூன் மாதம். அதைப் பார்க்கச் சுவார்ட்ஸ் உயிரோடு இல்லை.

கடைசி நாட்கள்

1797 கடைசியிலேயே அவர் படுத்துவிட்டார். காலில் புண். வேதனை அதிகம். வளர்ப்புப் பிள்ளை கோல்ஹாப் பக்கத்திலேயே இருந்தார். கெரிக்கேயும் வந்துவிட்டார். கண்ணை மூடி அசைவில்லாமல் கிடந்தவரைப் பார்த்து, உயிர் போய்விட்டது என்று நினைத்து, அவருக்குப் பிடித்த ஞானப்பாட்டைப் பாடத் தொடங்கினார்களாம். இரண்டாவது அடியிலே சுவார்ட்ஸும் சேர்ந்து பாடினாராம். இப்படி ஒரு செய்தி சபைகளில் வழங்கி வருகிறது.

1798-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி அவர் காலமானார். வயது 71. சரபோஜி வந்து பார்க்கும்வரை அடக்கத்தைத் தள்ளி வைத்தார்கள். சரபோஜி வந்தார். தேம்பித் தேம்பி அழுதார். உடலின் மேல் பொன்னாடை போர்த்தினார். தெருவில் நின்ற ஜனங்களின் அழுகையால் பாட்டுக்கூடப் பாட முடியவில்லை. தம்மிடம் இருந்ததையெல்லாம் சுவார்ட்ஸ் மிஷனுக்கே எழுதி வைத்திருந்தார்.

சென்னைக் கோட்டையில் உள்ள தூய மரியாள் கோயிலில் கும்பெனி டைரக்டர்கள் அவருக்கு ஒரு பளிங்கு ஞாபகச்சின்னம் வைத்தார்கள். சரபோஜி அதோடு திருப்தி அடையவில்லை. தம் சொந்தச் செலவில் ஒன்று செய்து அனுப்பும்படி லண்டனுக்கு எழுதினார். பிளாக்ஸ்மன் என்ற பேர்பெற்ற சிற்பி அதைச் செதுக்கினார். கல்லறைக் கல்லில் பொறிக்க வேண்டிய ஆங்கிலக் கவியைச் சரபோஜி தாமே எழுதினார்.

சரபோஜி மதம் மாறவில்லை. கடைசிவரை சிவபக்தராகவே இருந்தார். சரஸ்வதி மகால் நூல் நிலையத்தைப் பெரிதாக்கினார். சத்திரங்களை நடத்தினார். கூடவே, தம் ஆசானின் நினைவாக, கண்ணந்தங்குடியில் ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் கிடைக்க ஏற்பாடு செய்தார். சிறுவயதுத் தோழர் வேதநாயக சாஸ்திரியாருக்கும் அவர் அரண்மனையில் இடம் இருந்தது.

பிளாக்ஸ்மன் செய்த பளிங்குச் சிற்பம் தஞ்சாவூரில், சிவகங்கைத் தோட்டத்தை ஒட்டிய சுவார்ட்ஸ் கோயிலில் இருக்கிறது. கட்டிலில் கிழவர் படுத்திருக்கிறார். தலைமாட்டில் கெரிக்கே நிற்கிறார். தலைப்பாகையோடு சரபோஜி குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். கட்டிலருகே பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று பேர் நிற்கிறார்கள்.